நிறத்தைப் பார்த்து கூலன்ட் வாங்காதே

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் பிக்கப்புக்கு எந்தக் கலர் கூலன்ட் (இன்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) வாங்குவது என்று கேட்டு நீ அனுப்பிய படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். ரிசர்வாயரில், அதாவது கூலன்ட் டேங்கில், கிடப்பது பச்சையும் இல்லை, ஆரஞ்சும் இல்லை, காவி கலந்த பழுப்பு. மூடிக்குக் கீழே வளையமாகக் கசடு ஒட்டியிருக்கிறது. வண்டியை ஏற்கெனவே ஓட்டியவர் எதை ஊற்றினார், எப்போது ஊற்றினார் என்று உனக்குத் தெரியாது. அதனால் "எந்தக் கலர் வாங்கட்டும்" என்ற கேள்வியை விட்டுவிடு. அதன்மேல் டாப்-அப் செய்யவும் கூடாது. முழுவதையும் இறக்கி, கழுவி, புதிதாக ஊற்ற வேண்டும்.

கலர் என்பது கம்பெனிக்காரன் போடும் சாயம், அவ்வளவுதான். ஒரே பச்சையில் மூன்று வகை துருத்தடுப்பு மருந்து விற்கிறார்கள். ஒரே மருந்து ஒரு கம்பெனியில் ஆரஞ்சாகவும் இன்னொன்றில் சிவப்பாகவும் வரும். வண்டியின் கையேட்டில் கூலன்டுக்கு என்று ஒரு ஸ்பெசிஃபிகேஷன் எண் இருக்கும். ஃபோர்டு என்றால் "டபிள்யூ.எஸ்.எஸ்." என்று தொடங்கும், ஜி.எம். (ஜெனரல் மோட்டார்ஸ்) என்றால் டெக்ஸ்கூல் என்று போட்டிருக்கும். கேனின் பின்பக்க லேபிளில் அந்த எண் அச்சாகியிருக்கிறதா என்று பார். முன்பக்கம் பெரிய எழுத்தில் "எல்லா வண்டிக்கும் ஏற்றது" என்று இருப்பதை நான் நம்புவதில்லை. அவசரத்துக்குக் கொஞ்சம் சேர்க்க ஆகும், புதிதாக நிரப்ப அது வேண்டாம்.

வகைகள் ஏன் என்று தெரிந்தால் கடைக்காரர் குழப்ப முடியாது. எல்லாவற்றுக்கும் அடிப்படை கிளைகால் என்ற திரவம்தான், பெரும்பாலும் எத்திலீன் கிளைகால். வித்தியாசம் துருத்தடுப்பு மருந்தில். பழைய வகையில் சிலிகேட், பாஸ்பேட் போன்ற உப்புகள் உலோகம் முழுக்கப் படலம் பூசிவிடும். பாதுகாப்பு உடனே கிடைக்கும், ஆனால் சீக்கிரம் தீர்ந்துபோகும்: இரண்டு வருடம் அல்லது 50,000 கிலோமீட்டர். ஓ.ஏ.டி. எனப்படும் ஆர்கானிக் ஆசிட் வகை, அரிப்பு தொடங்கும் இடத்தில் மட்டும் போய் வேலை செய்யும். மெதுவாகச் செலவாவதால் ஐந்து வருடம் தாங்கும். இந்த வகையான டெக்ஸ்கூலுக்குச் சொல்லும் கணக்கு ஐந்து வருடம் அல்லது 2,40,000 கிலோமீட்டர். இரண்டையும் கலந்தது ஹைப்ரிட். அதிலும் ஐரோப்பியக் கம்பெனிகள் பாஸ்பேட்டைத் தவிர்த்து சிலிகேட் போடுவார்கள், கடினத் தண்ணீரோடு பாஸ்பேட் சேர்ந்தால் சுண்ணாம்புபோல் படியும் என்பதால். ஜப்பான்காரர்கள் வாட்டர் பம்ப் சீல் தேயும் என்று சிலிகேட்டைத் தள்ளி பாஸ்பேட் போடுவார்கள். இரண்டும் சரிதான், அவரவர் இன்ஜினுக்கு.

கலந்துவிட்டால் இன்ஜின் அன்றே நின்றுவிடாது. அதனால்தான் பலரும் கலக்கிறார்கள். ஓ.ஏ.டி.யின் ஐந்து வருட ஆயுள் பழைய வகையின் ஆயுளுக்குக் குறைந்துவிடும், அது வெளியில் தெரியாது. மோசமான சேர்க்கையில் சிலிகேட் பிரிந்து கொழகொழவென்று ஹீட்டர் கோரிலும் (வண்டிக்குள் சூடு தரும் சிறு ரேடியேட்டர்) ரேடியேட்டர் குழாய்களிலும் ஒட்டிக்கொள்ளும். உன் டேங்கில் தெரிகிற கசடு அதுவாக இருக்கலாம், துருவாகவும் இருக்கலாம். லெவல் குறைந்து காற்று புகுந்தபடியே ஓடிய வண்டியிலும் இதே பழுப்புச் சேறு வரும்.

உன்னுடையது டீசல் என்பதால் ஒன்று கூடுதலாகப் பார். பெரிய டீசல் இன்ஜின்களில் எரிப்பின் அதிர்ச்சியில் சிலிண்டர் லைனர் (பிஸ்டன் ஓடும் உலோகக் குழாய்) அதிரும். அதைச் சுற்றி நுண்ணிய குமிழ்கள் தோன்றி உடையும்போது உலோகத்தைக் கொத்திக் கொத்தி ஓட்டையே போட்டுவிடும். அதைத் தடுக்க நைட்ரைட் போன்ற மருந்து சேர்த்த ஹெவி டியூட்டி கூலன்ட் இருக்கிறது, லேபிளில் ஏ.எஸ்.டி.எம். டி6210 என்ற தர எண் போட்டிருக்கும். சாதாரண வண்டிகளுக்கானது டி3306. கையேடு கேட்டால் மட்டும் முதலாவதை வாங்கு. கேட்காத இன்ஜினில் நைட்ரைட் மருந்தைத் தனியாக வாங்கி ஊற்றாதே.

அடுத்தது தண்ணீர். குழாய்த் தண்ணீரில் இருக்கும் குளோரைடு அலுமினியத்தைக் குழி குழியாக அரிக்கும். கால்சியம் சூடான இடத்தில் பொருக்காகப் படியும். டிஸ்டில்ட் வாட்டர் மட்டும் வாங்கு. பாதிக்குப் பாதி கலந்தால் மைனஸ் 37 டிகிரி வரை உறையாது, மூடியின் அழுத்தம் சேர்ந்தால் 125 டிகிரியைத் தாண்டித்தான் கொதிக்கும். "இன்னும் கெட்டியாக ஊற்றினால் இன்னும் நல்லது" என்று யாராவது சொன்னால் கேட்காதே. கலக்காத எத்திலீன் கிளைகால் மைனஸ் 13-லேயே உறைந்துவிடும், வெப்பத்தையும் தண்ணீர் அளவுக்கு வாங்காது. கலவையில் கூலன்ட் 40 சதவீதத்துக்குக் கீழேயும் 60 சதவீதத்துக்கு மேலேயும் போக விடாதே.

இப்போது வேலை. இன்ஜின் முழுசாக ஆறியிருக்க வேண்டும், காலையில் ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்பு என்றால் நல்லது. சூடாக இருக்கும்போது மூடியைத் திருகினால் அழுத்தம் போன நொடியில் உள்ளே இருப்பது கொதித்து முகத்தில் பீய்ச்சும். இக்னிஷனை ஆன் செய்து ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்துவிட்டு ஆஃப் பண்ணு. சில வண்டிகளில் அப்போதுதான் ஹீட்டர் வால்வு திறக்கும். ரேடியேட்டர் அடியில் உள்ள டிரெயின் காக்கை (வடிக்கும் திருகு) திற. பிளாஸ்டிக்காக இருந்தால் கையால் மட்டும் திருகு, பிளையர் போட்டால் தலை உடைந்து கையோடு வரும். ரிசர்வாயரைக் கழற்றித் தனியாகத் தேய்த்துக் கழுவு. பிறகு டிஸ்டில்ட் வாட்டர் நிரப்பி, மேல் ஹோஸ் சூடாகும் வரை, அதாவது தெர்மோஸ்டாட் (சூடானதும் ரேடியேட்டருக்கு வழி விடும் வால்வு) திறக்கும் வரை ஓடவிட்டு, ஆறவிட்டு, மறுபடி இறக்கு. வெளியே வருவது நிறமில்லாமல் தெளிவாக வரும் வரை இதையே திரும்பச் செய்ய வேண்டியதுதான். பழுப்பு நிற்கவே இல்லை என்றால் கூலிங் சிஸ்டம் கிளீனர் ஒரு முறை போடலாம், அதன் பிறகு இரண்டு முறையாவது வெறும் தண்ணீரில் அலசு.

பலரும் கோட்டை விடுவது இதற்குப் பிறகுதான். ரேடியேட்டரைத் திறந்தால் மொத்தமும் வராது, பாதி இன்ஜின் பிளாக்கிலும் ஹீட்டரிலும் தங்கிவிடும். உன் வண்டியின் கொள்ளளவு 12 லிட்டர் என்று வைத்துக்கொள். 6 லிட்டர் இறங்கியது, உள்ளே நிற்கும் 6 லிட்டர் வெறும் அலசல் தண்ணீர். இதில் பாதித் தண்ணீர் கலந்தே வரும் "ரெடி மிக்ஸ்" 6 லிட்டர் ஊற்றினால் கையில் மிஞ்சுவது 25 சதவீதக் கூலன்ட். உறைவது மைனஸ் 12-க்குப் பக்கத்தில் வந்துவிடும், துருத்தடுப்பு மருந்தும் பாதிதான். அதனால் கழுவிய வண்டிக்குக் கலக்காத கான்சன்ட்ரேட் வாங்கு. கொள்ளளவில் பாதியை, அதாவது 6 லிட்டரை, முதலில் ஊற்று, இடம் மிச்சமிருந்தால் டிஸ்டில்ட் வாட்டர். பிளாக்கில் தனி டிரெயின் பிளக் இருந்து அதையும் திறந்து காலி செய்தால் இந்தக் கணக்கு மாறும். எவ்வளவு வெளியே வந்தது என்பதை அளவுப் பாத்திரத்தில் பிடித்து அளந்துகொள்.

ஊற்றும்போது அவசரப்படாதே. வண்டியின் மூக்கு கொஞ்சம் மேலே இருக்கும்படி சரிவில் நிறுத்து. ஏர் பிளீட் ஸ்க்ரூ இருந்தால் திறந்து, குமிழ் இல்லாமல் கூலன்ட் வரும்போது மூடு. மூடி இல்லாமலே இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸைத் துணி சுற்றிய கையால் அமுக்கி அமுக்கிவிடு, உள்ளே சிக்கிய காற்று கொப்புளமாக மேலே வரும். ஹீட்டரில் சூடான காற்று வந்தால் ஏர் லாக் போய்விட்டது என்று அர்த்தம். டெம்பரேச்சர் முள் ஏறியும் ஹீட்டர் சில்லென்று இருந்தால் உடனே நிறுத்து, உள்ளே இன்னும் காற்று இருக்கிறது. அடுத்த இரண்டு மூன்று காலையும் ஆறிய நிலையில் லெவல் பார்த்துக் குறைந்ததை ஊற்று. இந்த அளவு குறைவது சகஜம்.

அதற்குப் பிறகும் குறைந்தால் சகஜம் இல்லை. கூலன்ட் ஆவியாகிப் போகிற பொருள் அல்ல, எங்கேயோ போகிறது. வாட்டர் பம்ப் அடியில் ஒரு சிறு ஓட்டை உண்டு, சீல் போனால் அதன் வழியாகக் கசிந்து வெள்ளை அல்லது பச்சைக் கறையாகக் காய்ந்திருக்கும். முன் கண்ணாடியின் உள்பக்கம் எண்ணெய்ப் பசை மாதிரி படிந்து, உள்ளே இனிப்பு வாசனை வந்தால் ஹீட்டர் கோர். சைலன்சரில் சூடான பிறகும் வெண்புகை, ரேடியேட்டர் வாயில் ஓயாத குமிழ் என்றால் ஹெட் கேஸ்கெட்டை (இன்ஜினின் மேல், கீழ் பாகங்களுக்கு நடுவே உள்ள அடைப்பு) சந்தேகப்படு. ஸ்டாப் லீக் பொடி போடலாமா என்று கேட்பாய். வேண்டாம், ஓட்டையை அடைக்கும் அதே பொடி ஹீட்டர் கோரையும் அடைக்கும்.

பிக்கப்பில் பாரம் ஏற்றி, டிரெய்லர் இழுப்பதால் இன்னொன்று. ஆட்டோமேட்டிக் கியர் வண்டிகள் பலவற்றில் கியர் ஆயில் கூலர் ரேடியேட்டருக்கு உள்ளேயே இருக்கும். அது ஓட்டையானால் ஆயிலும் கூலன்டும் கலந்து ஸ்ட்ராபெரி மில்க்‌ஷேக் மாதிரி ஆகும். ரிசர்வாயரில் இளஞ்சிவப்பு நுரை கண்டால் வண்டியை ஒரு அடிகூட நகர்த்தாதே, கியர்பாக்ஸ் போய்விடும்.

ரேடியேட்டர் மூடியைப் பழைய வண்டியில் கேட்காமலே மாற்றிவிடலாம். விலை குறைந்த பொருள், ஆனால் கொதிநிலையே அதை நம்பி இருக்கிறது. ஒவ்வொரு பி.எஸ்.ஐ. அழுத்தமும் கொதிநிலையை ஒன்றரை டிகிரிக்கு மேல் உயர்த்தும். மூடியில் எழுதியிருக்கும் அதே அழுத்தத்தில் வாங்கு. ஆறிய பிறகு மேல் ஹோஸ் சப்பிப்போய் இருந்தால் மூடியின் வேக்வம் வால்வு ஒட்டிக்கொண்டது என்று பொருள்.

வருடம் ஒரு முறை ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு விட்டுக் கலவையைப் பார். அது கிளைகால் அளவை மட்டும் சொல்லும், மருந்து தீர்ந்ததைச் சொல்லாது. அதற்கு டெஸ்ட் ஸ்ட்ரிப், அல்லது உன்னிடம் இருக்கும் மல்டிமீட்டர். கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் வைத்து, சிவப்பை உலோகத்தில் படாமல் கூலன்டில் தோய். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் கூலன்ட் முடிந்தது. லைட், ஃபேன் போடும்போது அந்த எண் ஏறினால் கூலன்டைக் குறை சொல்லாதே, எங்கோ எர்த் வயர் சரியில்லை, மின்சாரம் ரேடியேட்டர் வழியாகப் போகிறது. முதலில் அதைச் சரி செய்.

இறக்கிய பழைய கூலன்டைச் சாக்கடையிலோ மண்ணிலோ ஊற்றாதே. எத்திலீன் கிளைகால் இனிக்கும், நாயும் பூனையும் நக்கிக் குடித்து சிறுநீரகம் கெட்டுச் செத்துப்போகும், குழந்தைக்கும் அதே கதிதான். மூடியுள்ள கேனில் பிடித்து, மேலே பெயர் எழுதி, பழைய ஆயில் வாங்கும் இடத்தில் கூலன்டும் எடுப்பார்களா என்று கேட்டுக் கொடு. தண்ணீர் பாட்டிலில் மட்டும் ஊற்றி வைக்காதே.

கையேட்டில் கொள்ளளவும் ஸ்பெசிஃபிகேஷனும் இருக்கும் பக்கத்தைப் படம் எடுத்து அனுப்பு. வாங்கப் போகும் கேனின் பின்பக்க லேபிளையும் பணம் கொடுப்பதற்கு முன்பே அனுப்பு.

அன்புடன்,
அப்பா