இசை விமர்சகர்களே, பழைய தீர்ப்பை அழித்துவிடாதீர்கள்

வணக்கம்.

ஆல்பம் வெளிவந்த வாரத்திலேயே அதற்கு நட்சத்திரம் போட்டாக வேண்டிய வேலை உங்களுடையது. அந்த வேலையில் இருக்கும் உங்களிடம் ஒன்று கேட்கத்தான் இந்த மடல். ரேடியோஹெட் என்ற பிரிட்டிஷ் ராக் குழுவின் 'கிட் ஏ'யை வைத்துக் கேட்கிறேன். ஒரே ஆல்பத்தைப் பற்றி இத்தனை பேர் இவ்வளவு தூரம் மனம் மாறி நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

2000 அக்டோபரில் அது வந்தபோது நாங்கள் காத்திருந்தது வேறொன்றுக்காக. 1997இல் 'ஓகே கம்ப்யூட்டர்' கொடுத்த குழு அது. மூன்று பேர் கிட்டார் வாசிக்கும் குழு. புது ஆல்பத்தின் முதல் பாட்டில் கிட்டாரையே காணோம். ஒரு கீபோர்டு, அதைச் சுற்றித் துண்டு துண்டாக வெட்டிப் போட்ட பாடகர் தாம் யார்க்கின் குரல், அவ்வளவுதான். தனிப்பாட்டாக எதையும் வெளியிடவில்லை, வழக்கமான வீடியோவும் எடுக்கவில்லை. அப்படியும் பிரிட்டனிலும் அமெரிக்காவிலும் விற்பனையில் முதலிடம் பிடித்தது. வாங்கியவர்களில் பலர் ஏமாந்துபோனார்கள். நானும்தான்.

லண்டனின் இசை வார இதழான மெலடி மேக்கர் ஐந்துக்கு ஒன்றரை கொடுத்தது. அதே சமயத்தில் அமெரிக்க இணைய இசை இதழான பிட்ச்ஃபோர்க் பத்துக்குப் பத்து கொடுத்தது. ஒன்பது வருடம் கழித்து, அந்தப் பத்தாண்டின் தலைசிறந்த ஆல்பம் எது என்று பட்டியல் போட்டபோது பிட்ச்ஃபோர்க்கும் ரோலிங் ஸ்டோன் பத்திரிகையும் 'கிட் ஏ'யைத்தான் முதலில் வைத்தன. 1926இல் தொடங்கிய மெலடி மேக்கரோ, அந்த மதிப்புரை வந்த சில மாதங்களிலேயே என்எம்இ என்ற இன்னொரு இசை வார இதழோடு இணைக்கப்பட்டு நின்றுபோனது. மறுபடி கேட்டுப் பார்க்க அதற்கு வாய்ப்பே கிடைக்கவில்லை.

இப்போது அந்தக் காலத்து எதிர்மறை விமர்சனங்களைத் தோண்டியெடுத்துக் கேலி செய்வது பலருக்குப் பொழுதுபோக்காகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஆங்கில நாவலாசிரியர் நிக் ஹார்ன்பி நியூயார்க்கர் இதழில் எழுதியதைப் பாருங்கள். இந்த ஆல்பம் எதிர்பார்க்கும் பொறுமை, சம்பளத்துக்கு வேலை பார்க்கத் தொடங்கிய மனிதனிடம் மிச்சம் இருக்காது என்பது அவர் சொன்னதன் சாரம். வேலை முடிந்து களைத்து வீடு திரும்பியவன் காதில் அந்த இசை எப்படி விழுந்தது என்பதற்கு அதைவிட நேர்மையான சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை. அது பதிவாகியிருப்பதால்தான், பிறகு வந்த மாற்றம் எவ்வளவு பெரியது என்று நமக்கே தெரிகிறது.

என் கதையையும் சொல்கிறேன். கல்லூரி விடுதியில் சீனியர் ஒருவரிடம் சிடியை இரவல் வாங்கி, இரண்டு முறை கேட்டுவிட்டு, "கிட்டார் எங்கே போச்சு?" என்று ஒரு தாளில் எழுதி உறைக்குள் செருகித் திருப்பிக் கொடுத்தேன். நாலைந்து வருடம் ஆனது. ஓர் இரவு பேருந்தில், ஜன்னலோரம், ஹெட்போனில் நான்காவது பாட்டு வந்தது. குழுவின் கிட்டார் கலைஞர் ஜானி கிரீன்வுட் அதில் ஓந்த் மார்த்தனோ வாசித்திருக்கிறார். விரலில் மாட்டிய வளையத்தைக் கம்பியோடு இழுத்து வாசிக்கும் பழைய பிரெஞ்சு மின்கருவி அது. ஸ்வரத்துக்கு ஸ்வரம் தாவாமல் வழுக்கிப் போகும். கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுக்கு அந்த இழைவு அந்நியமே இல்லை. ஆக்ஸ்ஃபோர்டுக்கு அருகே டார்செஸ்டர் தேவாலயத்தில் பதிவுசெய்த வயலின்கள் அதோடு சேர்ந்து எழும்புகின்றன. கடைசியில் சுருதி கலங்கி, குரல் அதற்குள் மூழ்கிப்போகிறது. இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தவறவிட்டேன். முதல் தடவையும் இதே பாட்டைத்தானே கேட்டேன் என்ற எண்ணம் வீடு வரை கூடவே வந்தது.

அதே ஆல்பத்தின் எட்டாவது பாட்டுக்கு அடியில் ஓடும் நான்கு கார்டுகள் (ஒரே நேரத்தில் ஒலிக்கும் ஸ்வரக் கூட்டுகள்), அமெரிக்க இசையமைப்பாளர் பால் லான்ஸ்கி 1973இல் பிரின்ஸ்டனில் ஐபிஎம் கணினியைக் கொண்டு உருவாக்கிய படைப்பிலிருந்து எடுத்தவை. எழுபதுகளில் ஓர் எல்பி இசைத்தட்டில் வந்து, பெரிதாக யார் காதிலும் விழாமல் கிடந்த இசை. அதைக் கேட்கப் பெருங்கூட்டம் வருவதற்கு 27 வருடம் ஆகியிருக்கிறது. உங்களுக்குக் கிடைப்பதோ ஒரு வாரம். அதில் தப்பு நேர்வது இயல்பு, அதற்காக உங்களைக் குறை சொல்ல மாட்டேன்.

மனம் மாறினால் அதை வாசகர் முன்னால் செய்யுங்கள். இதுதான் நான் கேட்பது. பிட்ச்ஃபோர்க் 2021இல் 19 பழைய ஆல்பங்களுக்கு மறுமதிப்பெண் போட்டது. டாஃப்ட் பங்க் என்ற பிரெஞ்சு மின்னிசை இரட்டையரின் 'டிஸ்கவரி' 6.4இலிருந்து பத்துக்கு ஏறியது. சில ஆல்பங்கள் இறங்கவும் செய்தன. பழைய எண்ணையும் புதிய எண்ணையும் அருகருகே வைத்தே அதைச் செய்தார்கள். நீங்களும் அப்படியே செய்யலாம். முதலில் எழுதியதை அப்படியே விட்டுவிட்டு, அதற்குக் கீழே தேதி போட்டு இரண்டாவது மதிப்புரையை எழுதுங்கள். இடையில் எத்தனை முறை, எங்கே, எந்த நேரத்தில் கேட்டீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இன்று முதன்முதலாக 'கிட் ஏ'யைக் கேட்டுவிட்டு "எனக்கு ஒன்றும் புரியவில்லை" என்று சொல்லும் பதினெட்டு வயதுப் பிள்ளையை, முதல் நாளிலிருந்தே நேசித்ததாகச் சொல்லிக்கொள்ளும் கூட்டம் வாயடைக்கப் பார்க்கிறது. நீங்கள் 2000இல் எழுதியது கண்ணில் பட்டால், அந்தப் பிள்ளை சிடியைத் திருப்பிக் கொடுக்காமல் வைத்துக்கொள்ளக்கூடும்.

அன்புடன்,
உங்கள் பழைய வாசகன்