பாங் ஆட்டத்தின் பொறியியல்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். 1972-இல் அட்டாரி வெளியிட்ட மேசைப்பந்து வீடியோ விளையாட்டான ‘பாங்’ பற்றி எழுதுவோர் அதன் வணிக வெற்றியையே பெரிதும் பேசுகின்றனர். அதை வடிவமைத்த ஆலன் ஆல்கார்னின் பொறியியல் திறனே அதைவிடப் போற்றத்தக்கது என்பது என் உறுதியான கருத்து. நுண்செயலியோ மென்பொருளோ இன்றி, மின்னணுச் சுற்றுகளைக் கொண்டே அவர் முழு ஆட்டத்தையும் அமைத்தார். மட்டையை எட்டுப் பகுதிகளாகப் பிரித்து, பந்து படும் இடத்துக்கேற்ப அது திரும்பும் கோணம் மாறுமாறும், ஆட்டம் நீள நீள வேகம் கூடுமாறும் செய்ததால்தான் அந்த எளிய திரை உண்மையான விளையாட்டுக் களமாயிற்று. மட்டைகள் திரையின் உச்சியை எட்டாத குறைபாட்டையும் அவர் திருத்தாமல் விட்டார். தேர்ந்த இருவர் ஆடும்போது ஆட்டம் முடிவின்றி நீளாதிருக்க அதுவே உதவியது. இதற்கு முன்பே மேசைப்பந்தைத் தொலைக்காட்சித் திரைக்குக் கொண்டுவந்த ரால்ஃப் பேயரின் பெயரும் இத்தகைய கட்டுரைகளில் தவறாமல் இடம்பெற வேண்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்