படம் எடுக்காமல் ஒரு வேலை: வன்னியின் கிறிஸ்தவ இளையோருக்கு ஒரு திறந்த மடல்

அன்பான தம்பிமாருக்கும் தங்கச்சிமாருக்கும்,

மன்னாரிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும், கிளிநொச்சியிலிருந்து வவுனியா வரைக்கும், ஞாயிற்றுக்கிழமை பூசைக்கோ ஆராதனைக்கோ வருகிற பதின்ம வயதுப் பிள்ளைகள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். கத்தோலிக்கர், மெதடிஸ்தர், தென்னிந்தியத் திருச்சபையார், புதிய சபைகளுக்குப் போகிறவர்கள் என்று பிரித்துப் பார்க்க மனம் வரவில்லை. நான் முல்லைத்தீவுப் பக்கத்துப் பங்கு ஒன்றில் மறைக்கல்வி வகுப்பு எடுக்கிறவள். கத்தோலிக்கப் பேச்சு கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

வகுப்பு முடிந்து வெளியே வரும்போது உங்களில் யாராவது ஒருவர் கேட்பீர்கள்: "ரீச்சர், சாட்சியாக இருங்கோ எண்டு சொல்லுறீங்கள். இங்க ஆரிட்டப் போய் என்னத்தைச் சொல்லுறது?" நியாயமான கேள்வி. பக்கத்து வீடு சைவ வீடு. வகுப்பில் முஸ்லிம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். வாயைத் திறந்தால் மதம் மாற்ற வெளிக்கிட்டுவிட்டார்கள் என்று ஊர் கதைக்கும். பேசாமல் இருந்தால் உங்கள் விசுவாசம் ஞாயிறு காலையோடு முடிந்துவிடும்.

என் பதில் இதுதான். முதலில் போய் ஒரு வேலையைச் செய்யுங்கள். ஏன் செய்கிறாய் என்று யாராவது கேட்டால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். ஒருவரும் கேட்காவிட்டாலும் வேலையை விடாதீர்கள்.

இந்த ஒழுங்கு என்னுடையது இல்லை. ஒல்லாந்தர் கத்தோலிக்க மறையைத் தடை செய்திருந்த காலத்தில், 1687இல், கூலியாள் வேடத்தில் கோவாவிலிருந்து வந்த யோசப் வாஸ் அடிகளை உங்களுக்குத் தெரியும். மறைக்கல்விப் பரீட்சைக்குப் பாடமாக்கியிருப்பீர்கள். பாடமாக்கும்போது வேகமாகக் கடந்துவிடுகிற ஆண்டு 1697. கண்டியில் பெரியம்மை பரவியது. வசதியுள்ளவர்கள் ஊரை விட்டு ஓடினார்கள். நோய் கண்டவர்களைச் சொந்தக்காரரே காட்டில் கொண்டுபோய் விட்டார்கள். வாஸ் அடிகளும் அவருடைய உறவினரான கார்வாலோ அடிகளும் அங்கே குடிசை போட்டு, புண் கழுவி, கஞ்சி கொடுத்து, செத்தவர்களைத் தங்கள் கையாலேயே அடக்கம் செய்தார்கள். நீ எந்தச் சமயம் என்று ஒரு நோயாளியிடமும் கேட்கவில்லை. அவர் சொன்னதைப் பௌத்த நாட்டில் ஆட்கள் காது கொடுத்துக் கேட்டதற்கு அந்த மாதங்கள் பெரிய காரணம். 2015 ஜனவரி 14 காலை கொழும்பு காலிமுகத்திடலில் அவரைப் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பின்னேரமே மடு மாதா திருத்தலத்துக்கு வந்தார். உங்களில் மூத்தவர்களைச் சிலவேளை அப்பா தோளில் தூக்கி வைத்துக் காட்டியிருப்பார்.

கண்டி தூரம் என்றால் எங்கள் பாதைகளிலேயே ஆட்கள் இருக்கிறார்கள். இடம்பெயர்ந்தவர்களுக்குப் பணி செய்துகொண்டிருந்த அருட்தந்தை பாக்கியரஞ்சித் 2007 செப்டெம்பரில் கிளைமோர் வெடித்துக் கொல்லப்பட்டார். 2009 மே மாதம், போர் முடிகிற நேரத்தில், வட்டுவாகலில் இராணுவத்திடம் சரணடைந்தவர்களோடு போன அருட்தந்தை பிரான்சிஸ் ஜோசப்புக்கு என்ன நடந்தது என்று இன்றுவரைக்கும் ஒருவரும் சொல்லவில்லை. போக வழியிருந்த காலத்திலும் இவர்கள் சனத்தை விட்டுப் போகவில்லை. நீங்கள் பெரும்பாலும் அதற்குப் பிறகு பிறந்தவர்கள். அவர்கள் யாரோடு நின்றார்களோ, அந்தச் சனம்தான் இன்றைக்கு உங்கள் ஒழுங்கையில் இருக்கிறது.

சரி, என்ன செய்வது? "எங்களிட்டக் காசு இல்லையே" என்றுதான் முதலில் சொல்வீர்கள். உண்மைதான். உங்களில் பாதிப் பேரின் வீட்டுக்கே உதவி தேவை. ஆனால் ஐந்து வாற்கோதுமை அப்பமும் இரண்டு மீனும் வைத்திருந்த பொடியனைப் பார்த்து அந்திரேயாவும் இதைத்தான் கேட்டார்: இவ்வளவு சனத்துக்கு இது எந்த மூலைக்கு? பொடியன் கொடுத்தான். அவனுடைய பெயரைக்கூட யோவான் எழுதி வைக்கவில்லை.

அரசாங்கத்தின் நலன்புரி உதவியான அஸ்வெசுமவுக்குப் படிவம் நிரப்புகிற நாட்களில் நான் கண்ட ஒன்றைச் சொல்கிறேன். பத்தாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி, எங்கள் பாடற்குழுவில் பாடுகிறவள், பக்கத்து வீட்டு அம்மா ஒருவருக்குப் படிவம் நிரப்பிக்கொண்டிருந்தாள். செல் குண்டு பட்டதில் அந்த அம்மாவுக்கு வலது கை எழும்பாது. அடையாள அட்டை, வங்கிப் புத்தகம், கரண்ட் பில் எல்லாம் பாயில் பரப்பியிருந்தது. பிள்ளை ஒவ்வொரு வரியாகச் சத்தமாக வாசித்து, விளங்குகிறதா என்று கேட்டுத்தான் எழுதினாள். வீட்டில் இருக்கிறவர்களின் விபரம் வந்த இடத்தில் அம்மா கேட்டார்: "மகனை எந்தக் கட்டத்தில போடுறது பிள்ளை?" மகன் 2009க்குப் பிறகு வீட்டுக்கு வரவில்லை. அவள் பேனையை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தாள். அம்மா மகனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். அன்றைக்குப் படிவம் முடியவில்லை. அடுத்த நாளும் போனாள். இதற்குக் காசு எதுவும் தேவைப்படவில்லை. எந்தப் பிரசங்கியாரும் இதைவிடப் பெரிதாக ஒன்றும் சொல்லிவிடப் போவதில்லை என்பது என் எண்ணம்.

இப்படி வேலை இங்கே நிறைய இருக்கிறது. சிறுநீரகம் பழுதாகி இரத்தச் சுத்திகரிப்புக்காக ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுகிறவர்கள் எத்தனையோ ஊரில் இருக்கிறார்கள். திரும்பி வந்து இறங்கும்போது நடக்க ஏலாது. பஸ் நிற்கிற சந்தியிலிருந்து வீடு வரைக்கும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போக ஒரு ஆள் நின்றால் அவர்களுக்கு அது பெரிய காரியம். கிளிநொச்சியில் 2017 பெப்ரவரி 20 அன்று கந்தசுவாமி கோவிலுக்கு முன்னால் காணாமல் ஆக்கப்பட்டவர்களைத் தேடி அம்மாமார் போராட்டம் தொடங்கினார்கள். அதற்குப் பிறகு பதில் கிடைக்காமலே செத்துப்போனவர்கள் பலர். மிச்சம் இருக்கிறவர்களோடு போய் ஒரு பின்னேரம் இருந்து கதை கேளுங்கள். அரசியல் கதைக்கத் தேவையில்லை. கேட்க ஆளில்லாததுதான் அவர்களுடைய பெரிய குறை.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் காரமாகவே சொல்ல வேண்டும். படம் எடுக்காதீர்கள். ஐந்து கிலோ அரிசிப் பொதியைப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கம் கொடுக்கிறவர்கள் வரிசையாகச் சிரிக்க, மறுபக்கம் வாங்குகிற அம்மா நிலத்தைப் பார்க்கிற படங்கள் வன்னியில் கொஞ்சநஞ்சமா? வெளிநாட்டிலிருந்து காசு அனுப்புகிறவர்களுக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பார்கள். கணக்குக் காட்டப் பற்றுச்சீட்டு இருக்கிறது. அந்த அம்மாவின் பேரப்பிள்ளை உங்கள் வகுப்பில்தான் படிக்கிறான். அவனுடைய போனிலும் அந்தப் படம் வரும். வலக்கை செய்வது இடக்கைக்குத் தெரிய வேண்டாம் என்று ஆண்டவர் சொன்னது பேஸ்புக் வருவதற்கு முன்னர்தான். ஆனாலும் எங்களை நினைத்தே சொன்னது மாதிரி இருக்கிறது.

கார்லோ அக்குத்திஸ் 15 வயதில் இறந்தவர், 2025 செப்டெம்பர் 7 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டவர். நற்கருணை அற்புதங்களைத் தொகுத்து இணையத்தில் போட்டவர் என்பது உங்கள் எல்லோருக்கும் தெரியும். மிலான் தெருக்களில் படுத்திருந்தவர்களுக்குச் சாப்பாடு கொண்டுபோனவர் என்பதையும் சேர்த்துத் தெரிந்துகொள்ளுங்கள்.

இனி, சொல்வது பற்றி. யாராவது கேட்கிற நாள் வரும். ரியூசன் முடிந்து வரும் வழியில், "ஏன்டா ஒவ்வொரு கிழமையும் அந்த வீட்டுக்குப் போறாய்?" என்று கூட்டாளி கேட்பான். அப்போது மழுப்பாதீர்கள். "சும்மா" என்று சொல்லித் தப்பாதீர்கள். பாடமாக்கிய வசனத்தைக் கொட்டவும் வேண்டாம். இயேசு உங்களுக்கு யார், எப்போது அவரைக் கூப்பிட்டீர்கள், ஜெபிக்கும்போது என்ன நடக்கிறது, சில நாள் ஒன்றுமே நடக்காமலும் போகிறது, இதை உங்கள் வாயால், உங்கள் பேச்சில் சொல்லுங்கள். பேதுருவின் முதல் திருமுகத்தில் இதற்கான அறிவுரை இருக்கிறது: விளக்கம் கேட்கிறவர்களுக்குப் பதில் சொல்ல எப்போதும் ஆயத்தமாக இருங்கள், ஆனால் பணிவோடும் மரியாதையோடும் சொல்லுங்கள். இரண்டாவது பாதியை எங்களில் சிலர் மறந்துவிடுகிறோம்.

மறந்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தூரம் போகத் தேவையில்லை. 2019 மார்ச்சில், சிவராத்திரிக்கு முதல் நாள், திருக்கேதீஸ்வரம் சிவன் கோவிலுக்குப் போகிற வழியில் கட்டியிருந்த அலங்கார வளைவு பிடுங்கி விழுத்தப்பட்டது. விழுத்தியவர்கள் எங்கள் ஆட்கள். அந்த வீடியோ ஒரு இரவுக்குள் உலகம் முழுவதும் போனது. அடுத்தவர் கும்பிடுகிறதைச் சாத்தான் என்று எழுதிய துண்டுப் பிரசுரம் உங்கள் கையில் யாராவது தந்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். பொதிக்குள் அதை வைத்துக் கொடுப்பது அதைவிட மோசம். பசியில் இருக்கிறவரிடம் பேரம் பேசுகிற வேலை அது. கூடப் படிக்கிற பிள்ளையை வீட்டுக்குத் தெரியாமல் ஜெபக் கூட்டத்துக்குக் கூட்டிக்கொண்டு போகாதீர்கள். தன் சமயத்தை வெளிப்படையாகக் கைக்கொள்ளவும் கற்பிக்கவும் இந்த நாட்டு அரசியலமைப்பின் 14ஆவது உறுப்புரை உங்களுக்கு உரிமை தருகிறது. அதே உரிமை வற்றாப்பளை அம்மன் கோவிலுக்கு நடந்து போகிற அம்மாவுக்கும் இருக்கிறது.

வற்றாப்பளை என்றதும் ஞாபகம் வருகிறது. வைகாசிப் பொங்கலுக்கு எங்கெங்கிருந்தோ சனம் வரும். பொங்கல் முடிந்த மறுநாள் வெளியெல்லாம் பிளாஸ்ரிக் போத்தலும் சாப்பாட்டுப் பெட்டியும் கிடக்கும். கோவில் நிர்வாகத்தாரிடம் முதலே போய்க் கேட்டு, அவர்கள் சரி என்றால், ஒரு இருபது பேர் சாக்கோடு போங்கள். பங்கின் பெயர் எழுதிய ரீசேட் வேண்டாம். சைவ ஆட்கள் மடுமாதாவிடம் வருவதும், பாம்புக் கடிக்கு மடு மண் எடுத்துக்கொண்டு போய் வீட்டில் வைப்பதும் எவ்வளவு காலமாக நடக்கிறது! நாங்கள் அந்தப் பக்கம் போய் என்ன செய்திருக்கிறோம் என்று யோசித்தால் எனக்குப் பெரிதாக ஒன்றும் நினைவுக்கு வரவில்லை.

பெற்றோரும் பங்குத்தந்தையரும் போதகர்மாரும் இதை வாசித்தால் அவர்களுக்கும் ஒரு வார்த்தை. திருவிழாவுக்குக் கொடி கட்டவும் கதிரை அடுக்கவும் மட்டும் இந்தப் பிள்ளைகளைக் கூப்பிடாதீர்கள். முடிவு எடுக்கிற கூட்டத்திலும் இரண்டு பேரை இருத்துங்கள். ஓ.எல். முடியட்டும், ஏ.எல். முடியட்டும் என்று தள்ளிக்கொண்டு போனால், அதற்கிடையில் மாவா, ஐஸ் என்று போதைப்பொருள் விற்கிறவன் வந்து பிள்ளையின் வயதைக் கேட்காமலே வேலை கொடுத்துவிடுவான். பிள்ளைகள் வீடுகளுக்குப் போகும்போது எங்கே போகிறார்கள் என்று ஒரு பெரிய ஆளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். தனியப் போக வேண்டாம். ஆண்டவரும் இருவர் இருவராகத்தான் அனுப்பினார். பொழுதுபடுவதற்கு முன் வீடு திரும்பிவிட வேண்டும்.

எங்கே தொடங்குவது என்று தெரியாதவர்களுக்கு ஒரு யோசனை. மாரி வரப்போகிறது. 2018 டிசம்பரில் இரணைமடுக் குளத்தின் கதவுகளைத் திறந்தபோது கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் எத்தனை ஊருக்குள் தண்ணீர் வந்தது என்று வீட்டில் கேட்டுப் பாருங்கள். அப்படி ஒரு இரவில், தானாக எழும்பி நடக்க முடியாதவர்கள் எந்தெந்த வீட்டில் இருக்கிறார்கள்? காலில்லாதவர், கண் தெரியாதவர், தனியே இருக்கிற ஆச்சி, பிள்ளைத்தாச்சி. சைவ வீடு, வேத வீடு, முஸ்லிம் வீடு எல்லாவற்றையும் சேர்த்து, ஒழுங்கை ஒழுங்கையாக ஒரு கொப்பியில் எழுதுங்கள். அந்த வீட்டுக்காரரிடம் சம்மதம் கேட்டு எழுதுங்கள். தூக்கிக்கொண்டு போக யார் வருவது, யாரிடம் லான்ட்மாஸ்டர் உழவு இயந்திரம் இருக்கிறது, எந்தப் பள்ளிக்கூடம் மேட்டில் இருக்கிறது என்பதையும் பக்கத்திலேயே குறித்துவிடுங்கள். ஒரு பிரதியைக் கிராம அலுவலரிடம் கொடுங்கள், இன்னொன்று பங்கு மனையில் இருக்கட்டும்.

எங்கள் பங்கில் வருகிற ஞாயிறு பூசை முடிய மண்டபத்தில் கூடுகிறோம். கொப்பியும் பேனையும் நான் கொண்டுவருவேன், தேத்தண்ணியும் என் பொறுப்பு. சைக்கிள் இருக்கிறவர்கள் காற்று அடித்துக்கொண்டு வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் மறைக்கல்வி ரீச்சர் ஒருத்தி
முல்லைத்தீவு மாவட்டம்