முள் நடுவுக்கு வரட்டும்

அன்புள்ள கயல்,

நலம்தானே? இங்கே அம்மாவும் நானும் சௌக்கியம். போன வாரம் போனில் நீ புல்லட்டைப் பற்றிக் கேட்டபோது பிடிகொடுக்காமல் பேசிவிட்டேன். அப்போது நானே முடிவுக்கு வந்திருக்கவில்லை. இப்போது வந்துவிட்டேன். முதலில் உன்னிடம்தான் சொல்லவேண்டும். ஆர்.சி. புக்கில் என் பெயர் இருந்தாலும் அந்த வண்டியில் பாதி உன்னுடையது.

பின்தெரு ரைஸ்மில்காரர் தன் யமஹா ஆர்.எக்ஸ். 100 பைக்கைத் தருவதாகவும் நான் புல்லட்டைக் கொடுக்கவேண்டும் என்றும் கேட்டார். வண்டிக்கு வண்டி, மேல்காசு கிடையாது. அவர் மகனுக்குப் பழைய புல்லட் மேல் அவ்வளவு ஆசையாம்.

எனக்கும் சபலம் தட்டியது கண்ணு. காரணம் என் முழங்கால். ஆவணியில் ஒருநாள் புல்லட்டை ஸ்டார்ட் செய்ய அவசரமாக உதைத்தபோது கிக்கர் திருப்பி அடித்துவிட்டது. பத்து நாள் நொண்டினேன். உன்னிடம் சொல்லவேண்டாம் என்று அம்மாவைத் தடுத்தது நான்தான், அவளைக் கோபித்துக்கொள்ளாதே. டைமிங் முந்தியிருக்கிறது, அதாவது தீப்பொறி சீக்கிரமே விழுகிறது என்று சொல்லி மெக்கானிக் சரிசெய்து கொடுத்தார். ஆனால் அன்று நானும் அம்மீட்டர் முள்ளைப் பார்க்காமல்தான் உதைத்தேன்.

உனக்கு நினைவிருக்கிறதா? யூ.கே.ஜி. போகிற காலத்தில் டாங்க் மேல் உட்கார்ந்து, கரண்டைக் காட்டும் அந்த அம்மீட்டரையே பார்த்துக்கொண்டிருப்பாய். நான் சாவியைப் போட்டு, இன்ஜினுக்குள் அழுத்தத்தைக் குறைக்கும் டீகம்ப்ரஸர் பிடியைப் பிடித்தபடி கிக்கரை மெல்ல மெல்ல இறக்குவேன். ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்த முள் நடுவுக்கு வந்ததும் "நடு!" என்று கத்துவாய். அப்புறம் ஒரே உதை. உன் குரல் கேட்ட நாட்களில் அது ஒருமுறைகூடத் திருப்பி அடித்ததில்லை.

சரி, ஆர்.எக்ஸ். விஷயத்துக்கு வருகிறேன். 1995 மாடல். 1996-ல் உற்பத்தியை நிறுத்திவிட்டார்கள், அதனால் கடைசிக் காலத்து வண்டிகளில் ஒன்று. மெக்கானிக்கையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்தேன். இந்த வண்டிகளில் இன்ஜின் மாற்றியது நிறைய உண்டு. அதனால் சேஸிஸ் நம்பர் மேல் தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்து அச்செடுத்து, இன்ஜின் நம்பரையும் ஆர்.சி. புக்கோடு ஒத்துப் பார்த்தோம். இரண்டும் சரியாக இருந்தன. பதினைந்து வருஷத்துக்குப் பிறகு ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவேண்டுமே, அதையும் தவறாமல் செய்திருக்கிறார். அவர் கையாலேயே கிக்கரை அழுத்தி ஸ்டார்ட் செய்துகாட்டினார். 98 சிசி, எடை நூறு கிலோ சொச்சம்தான். என் முழங்காலுக்கு அதைவிட என்ன வேண்டும் என்று தோன்றியது. அந்த டூ-ஸ்ட்ரோக் புகை வாசனை வேறு என்னை இருபது வயதுக்குக் கொண்டுபோய்விட்டது.

கண்டியூர் வரை ஓட்டிப் பார்த்தேன். கையைத் திருப்பியதும் காற்றாகப் பறக்கிறது. திரும்பி வரும்போது ஒரு சந்திலிருந்து சிறு பையன் சைக்கிளில் குறுக்கே வந்துவிட்டான். இடது காலை ஓங்கி அழுத்தினேன். அங்கே இருந்தது பிரேக் இல்லை, கியர். நம் 1988 மாடலில் கியர் வலது பக்கம், பிரேக் இடது பக்கம். முப்பது வருஷமாகக் காலுக்கு அந்தப் பழக்கம்தான். மெதுவாக வந்ததால் கைப்பிரேக்கில் நின்றுவிட்டேன், பையனுக்கு ஒன்றும் ஆகவில்லை. ஆனால் என் கை நடுக்கம் நிற்க நேரமாயிற்று. அறுபத்திரண்டு வயதில் இந்தக் காலைத் தெருப்பிள்ளைகளுக்கு நடுவே மாற்றிப் பழக்க எனக்குத் துணிவில்லை.

அங்கேயே வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். ரைஸ்மில்காரருக்கு வருத்தம்தான். உங்கள் மகனுக்கும் இதே ஆபத்து உண்டு, வலது கியர் புல்லட் எங்கே வாங்கினாலும் முதலில் மைதானத்தில் நன்றாக ஓட்டிப் பழகட்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ வாங்கித் தருவதாகச் சொன்ன புது ஸ்கூட்டரும் வேண்டாம். கடைத்தெருவுக்கும் வயலுக்கும் அம்மாவின் ஸ்கூட்டியே போதும். அதில் கால் வேலையே இல்லை. புல்லட்டை ஞாயிற்றுக்கிழமை மட்டும், முழங்கால் இடம் கொடுத்தால் எடுப்பேன்.

பொங்கலுக்கு எப்படியும் லீவு சொல்லிவிட்டு வந்துவிடு. இந்தமுறை நீ உதை, நான் பக்கத்தில் நின்று முள்ளைப் பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
அப்பா