குதிரை லாயம் மாட்டுத்தொழு அல்ல

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தோட்டத்தில் குதிரை வளர்க்க ஆசைப்படுகிறவர்கள், இருக்கிற மாட்டுத்தொழுவுக்கு இரண்டு தடுப்பு வைத்தால் லாயம் ஆகிவிடும் என்று நினைக்கிறார்கள். ஊராட்சிக்குக் கொடுக்கும் விண்ணப்பத்திலும் அப்படியே எழுதிவிடுகிறார்கள். கட்டணம் வாங்கிச் சவாரி கற்றுக்கொடுக்கப் போகிறீர்கள் என்றால் அது வணிகம். அதை மறைத்து வாங்கிய அனுமதி பிறகு உதவாது. பட்டாவோடு, நிலத்தின் எல்லை அளவுகளைக் காட்டும் புலப்படத்தையும் வாங்கி, ஓடை, வாய்க்கால் கோடு உள்ளே ஓடுகிறதா என்று பாருங்கள். வருடம் முழுக்கக் காய்ந்து கிடக்கும் ஓடைக்கும் 2023 டிசம்பர் வெள்ளம் போல ஒரு நாள் வரும். நன்செய் நிலமானால் பயன்பாட்டு மாற்றம் வேண்டும். களக்காடு, பாபநாசம் பக்கத்து மலையடிவார ஊர் என்றால், ஹாகா எனப்படும் மலையிடப் பாதுகாப்புக் குழுமப் பட்டியலில் உள்ளதா என்று முதலிலேயே விசாரித்துவிடுவது நல்லது. பம்புசெட்டின் இலவச இணைப்பிலிருந்து லாயத்துக்கு வயர் இழுக்கக் கூடாது.

இனி கட்டுமானம். மாடு பின்னங்காலை ஊன்றி எழும். குதிரையோ முன்னங்கால்களை முன்னே நீட்டித்தான் எழும். இடம் குறுகினால் சுவரோரம் புரண்டு, கால் மடங்கி எழ முடியாமல் மாட்டிக்கொள்ளும். அதனால் ஒரு குதிரைக்கு 12 அடிக்கு 12 அடி வேண்டும்; மட்டக்குதிரைக்கு 10-க்கு 10 போதும். கதவு 4 அடி அகலம், 8 அடி உயரம், வெளிப்பக்கம் திறக்க வேண்டும். குதிரை கதவோரம் விழுந்து கிடந்தால் உள்ளே திறக்கும் கதவு அசையாது. கம்பித் தடுப்பில் இடைவெளி 2 அங்குலத்துக்கு மேல் போனால் குளம்பு சிக்கும்.

தரையில்தான் பெரும்பாலும் தவறு நடக்கிறது. வழவழ சிமெண்டும் கருங்கல் பலகையும் மூத்திரம் பட்டால் வழுக்கும். சொரசொரப்பான கான்கிரீட் போட்டு, 12 அடிக்கு இரண்டரை அங்குலம் வாட்டம் கொடுத்து, ஆழமில்லாத வடிகாலை அறைக்கு வெளியே ஓடவிடுங்கள். கயத்தாறு பக்கக் கரிசலில் மேல்மண்ணை அள்ளிவிட்டுச் சரள் நிரப்பி, அரை அடிக்கு ஒரு தடவை நனைத்து இடிக்காவிட்டால், இரண்டு மழைக்குள் தரை வெடித்து மூத்திரம் உள்ளே இறங்கும். அந்த அமோனியா நெடி, படுத்திருக்கும் குதிரையின் மூக்குக்கு நேரே வருவது.

கூரையின் நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். மேற்குச் சுவரை முழுதாக எழுப்பினால் சாயங்கால வெயிலும் ஆனி ஆடி மேல்காற்றும் தடைபடும். வடக்கும் தெற்கும் மேல்பாதி திறந்திருந்தால் போதும். தகர ஓரத்தில், தகரத்தைச் சட்டத்தோடு பிடிக்கும் கொக்கி போன்ற ஜே போல்ட்டை நெருக்கமாகப் போடுங்கள். செங்கோட்டைக் கணவாய்க் காற்று ஓரத்தைத்தான் முதலில் தூக்கும். வைக்கோல்படப்பு லாயத்தை ஒட்டி வேண்டாம், நெருப்புப் பயம்.

ஒரு குதிரை நாளுக்குச் சுமார் 20 கிலோ சாணம் போடும், 30 முதல் 40 லிட்டர் தண்ணீர் குடிக்கும். எருக்குழி கிணற்றிலிருந்து 50 அடியாவது தள்ளி இருக்க வேண்டும். நம் வெயிலில் ஈ முட்டை பத்து நாளுக்குள் ஈயாகிவிடும் என்பதால் வாரம் ஒருமுறை எருவை அப்புறப்படுத்தியே ஆக வேண்டும். அழகுக்கு என்று அரளி வேலி வைக்காதீர்கள், அதன் இலை குதிரையைக் கொல்லும். சீமைக்கருவேலங்காய் உதிரும் இடத்தில் குதிரையைக் கட்டினால், அதைத் தின்று குடல் அடைத்துக்கொள்ளும்.

கால்நடை மருந்தகங்களில் லாயத்துக்கான மாதிரி வரைபடம் ஒன்றைக் கால்நடை பராமரிப்புத் துறை வைத்தால், ஊராட்சிகளும் அதை விண்ணப்பத்தோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

கட்டடப் பொறியாளர்,
பாளையங்கோட்டை.