அன்றாடப் பொருட்களைத் திருத்துவதும் கண்டுபிடிப்பே

ஆசிரியர் அவர்களுக்கு,

அண்மையில் என் பேத்தி படிக்கும் கொழும்புப் பாடசாலையில் நடைபெற்ற புத்தாக்கக் கண்காட்சியைப் பார்க்கச் சென்றிருந்தேன். மண்டபத்தின் நடுவே, தரையில் வரைந்த கோட்டைப் பின்தொடர்ந்து ஓடும் ரோபோ வண்டிகளும், கைதட்டினால் எரியும் மின்குமிழ்களும், கைத்தொலைபேசியால் இயக்கப்படும் நீர்ப்பம்பிகளும் வைக்கப்பட்டிருந்தன. கூட்டமும் அங்கேதான் நின்றது. ஒரு மூலையில் எட்டாம் தரத்து மாணவன் ஒருவன், மேசையில் ஒட்டவைத்துக் கைபிடியைச் சுற்றும் சாதாரணத் தேங்காய் துருவி ஒன்றுடன் தனியாக நின்றான். தேங்காய்ப் பாதியை விரல்களால் அழுத்திப் பிடிப்பதற்குப் பதிலாக, கிண்ணம் போல் வளைத்த ஒரு தகட்டைக் கீல் வைத்துப் பொருத்தியிருந்தான்; தேங்காய் துருவி முடியும் தறுவாயிலும் கை பற்களில் படாது. அவனுடைய அம்மம்மாவின் பெருவிரல் இரண்டு தடவை கிழிபட்டதாம். நடுவராக வந்தவர் கைபிடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு, "துருவி ஏற்கெனவே இருக்கிறதே தம்பி, இதில் புதிதாக நீர் கண்டுபிடித்தது என்ன?" என்று கேட்டபடி அடுத்த மேசைக்கு நகர்ந்தார். அந்தக் கேள்வியைப் பற்றியதே இக்கடிதம்.

நான் வெள்ளவத்தையில் முப்பது வருடங்களுக்கு மேலாக மின்சாதனங்கள் திருத்தும் சிறு கடையொன்றை நடத்தி ஓய்வுபெற்றவன்; பட்டம் பெற்ற பொறியியலாளன் அல்லன். எங்கள் தொழிலின் பெயரிலேயே இரண்டு பொருள் இருக்கிறது. பழுதானதைப் பழையபடி இயங்கவைப்பதும் திருத்துதல்தான்; முன்பிருந்ததிலும் நன்றாக ஆக்குவதும் திருத்துதல்தான். கடையில் முதலாவது வேலைக்குத்தான் கூலி கிடைக்கும் என்றாலும், ஒரே பழுது பத்துத் தடவை மேசைக்கு வந்தபின் இரண்டாவது வேலையைச் செய்யாமல் இருக்க மனம் விடாது.

உதாரணமாக, கிரைண்டரைக் கொண்டுவருபவர்களில் பலருடைய முறைப்பாடு மோட்டார் எரிந்துவிட்டது என்பதே. கழற்றிப் பார்த்தால், எரிந்தது மோட்டாராக இருந்தாலும் குற்றம் அதனுடையது அல்ல என்பது புரியும். சாடியின் அடியில் கத்தியின் தண்டு நுழையும் இடத்திலுள்ள புஷ்ஷும் வாஷரும் தேய்ந்து, அரைபடும் சம்பலின் நீர் துளித்துளியாகக் கசிந்து, மோட்டாரின் தண்டு வழியே சுருள்களுக்குள் இறங்கியிருக்கும். பழைய சைக்கிள் ரியூப்பை வட்டமாக வெட்டி அத்தண்டைச் சுற்றிப் பாவாடை போல் மாட்டி, மேல்தட்டில் நீர் வெளியே வடிவதற்கு ஒரு சிறு துளையும் இட்டுக் கொடுப்பேன். அந்தக் கிரைண்டர் அதே பழுதுக்காகத் திரும்பி வருவது அரிது. பின்னாளில் கடைகளுக்கு வந்த சில புதிய மாடல்களில் அத்தகைய வடிதுளை இருப்பதைக் கண்டேன். என்னிடமிருந்து எவரும் எடுத்துக்கொண்டார் என்று நான் சொல்லவரவில்லை. ஒரே குறையைப் பார்த்த இருவருக்கு ஒரே விடை தோன்றுவது இயல்பு. ஆனால் அவர்களுடைய விடை வரைபடத்தில் ஏறித் தொழிற்சாலைக்குப் போயிற்று. என்னுடையது சில நூறு ரூபாய்க் கூலியோடு முடிந்தது.

மிக்சி என்றும் சொல்லப்படும் இந்தக் கிரைண்டரே ஒரு பழுதிலிருந்து பிறந்ததுதான். 1960களில் இந்தியாவில் சத்ய பிரகாஷ் மாத்தூர் என்ற பொறியியலாளரின் வீட்டிலிருந்த ஜேர்மன் பிளெண்டர் பழுதாகி, திருத்துவதற்கும் வழியில்லாமற் போனது. பழச்சாற்றுக்கும் சூப்புக்கும் ஆக்கப்பட்ட அந்த இயந்திரம் காய்ந்த மிளகாயையும் மல்லியையும் மஞ்சளையும் தாங்காது என்பதை உணர்ந்து, வலுவான மோட்டாருடன் அவர் ஆக்கியதே 'சுமீத்' மிக்சி. அதற்குச் சில வருடங்கள் முன்னர், 1955இல், கோயம்புத்தூரில் பி. சபாபதி என்பவர் ஆட்டுக்கல்லுக்கு மின்மோட்டார் பூட்டியிருந்தார். 'அரைக்கும் கல் ஏற்கெனவே இருக்கிறதே' என்று அவரிடமும் எவரேனும் கேட்டிருக்கலாம்.

எமது நாட்டில் இதற்கு மிகச் சிறந்த சான்று, சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர ஆக்கிய 'சுதீப' விளக்கு. மின்சாரம் எட்டாத வீடுகளில் மருந்துப் போத்தலிலோ எரிந்துபோன மின்குமிழிலோ மண்ணெண்ணெய் ஊற்றி, தகரத் துண்டொன்றில் துளையிட்டுத் திரியைச் செருகிக் குப்பி விளக்கு செய்துகொள்வார்கள். உயரமாகவும் இலேசாகவும் இருக்கும் அந்த விளக்கு பூனை தட்டினாலும் சரியும். மூடி இறுக்கமில்லாததால் எண்ணெய் கொட்டும். உருண்டையாக இருப்பதால் உருண்டு பாய்க்கும் துணிக்கும் நெருப்பைக் கொண்டுபோகும். இப்படித் தீக்காயம் பட்டவர்களுக்குச் சிகிச்சை அளித்து வந்த அவர், காயத்தோடு நின்றுவிடாமல் விளக்கையும் கவனித்தார். அவருக்கு வழிகாட்டியது நம் வீட்டு அலுமாரிகளில் எல்லாம் இருக்கும் மார்மைட் போத்தல். குட்டையாக, பாரமாக, தடித்த கண்ணாடியில், உருளாதபடி இரண்டு பக்கம் தட்டையாக, எண்ணெய் சிந்தாதபடி திருகும் உலோக மூடியுடன் அவர் ஆக்கிய விளக்கு விழுந்தாலும் விழுந்த இடத்திலேயே கிடக்கும். அதில் மின்னணுப் பாகம் எதுவுமில்லை, அசையும் உறுப்பும் இல்லை. மாறியது போத்தலின் உருவமும் மூடியும் மட்டுமே. 1998இல் ரோலெக்ஸ் விருது அவருக்குக் கிடைத்தது. நமது பாடசாலைக் கண்காட்சியொன்றில் அது வைக்கப்பட்டிருந்தால், ரோபோ வண்டிக்கு அடுத்த மேசையில் எவரும் நின்று பார்த்திருப்பார்களா என்பது எனக்குச் சந்தேகமே.

விளக்கைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் மண்ணெண்ணெய்க்குத் தட்டுப்பாடு நிலவிய யாழ்ப்பாணத்தில், ஜாம் போத்தல் விளக்கின் வெளிச்சத்தில் படித்துப் பரீட்சை எழுதியவர்கள் பலர் இன்று இதே கொழும்பில் அலுவலகங்களில் இருக்கிறார்கள். சைக்கிளை ஸ்ராண்டில் நிறுத்தி, மிதியைச் சுற்றி, டைனமோவில் வரும் மின்சாரத்தில் வானொலிச் செய்தி கேட்ட வீடுகளும் அப்போது இருந்தன. அவற்றை முதலில் செய்து பார்த்தவர்களின் பெயரை எவரும் எழுதிவைக்கவில்லை.

இப்போதுள்ள குறைகளுக்கு வருகிறேன். எமது வீட்டுச் சுவர்களில், பிளக்கைச் செருகும் குதைகளில், 5 அம்பியர், 15 அம்பியர் வட்டமுள் குதைகளும் 13 அம்பியர் சதுரமுள் குதைகளும் கலந்து கிடக்கின்றன. 13 அம்பியர் வகையே நாட்டின் நியமம் என்று தீர்மானிக்கப்பட்டு வருடங்கள் சில கடந்தும் நிலைமை இதுதான். அந்தச் சதுரமுள் பிளக் 1947இல் பிரித்தானியா வெளியிட்ட பிஎஸ் 1363 என்ற நியமத்திலிருந்து வந்தது. அதைத் திட்டமிட்ட குழுவில் இருந்த ஒரேயொரு பெண்ணான கரோலின் ஹாஸ்லெட், குழந்தைகளின் பாதுகாப்பை அதில் வலியுறுத்தியவர். குதையின் இரண்டு கீழ்த் துளைகளும் உள்ளே கதவு போன்ற மூடிகளால் அடைக்கப்பட்டிருக்கும். மற்றவற்றைவிட நீளமான புவிமுள் (எர்த் முள்) மேல் துளைக்குள் முதலில் நுழைந்து அக்கதவுகளைத் திறந்தால்தான் மின்னோட்டம் கிடைக்கும். ஆகவே குழந்தை கீழ்த் துளையில் ஆணியைச் செருகினாலும் அது உள்ளே போகாது. பிளக்குக்குள்ளேயே ஒரு பியூஸும் உண்டு. இவ்வளவு நுட்பமாகச் செய்யப்பட்ட பொருளை நாம் என்ன செய்கிறோம்? இரண்டு முள் சார்ஜரைச் செருகுவதற்காகப் பேனை முனையால் புவித்துளையைக் குத்திக் கதவைத் திறந்து, சார்ஜரை நெரித்து ஏற்றுகிறோம். பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்கச் செய்வதுதான் எனக்கு அச்சம் தருவது. மலிவு விலை மல்டி பிளக்குகள் பலவற்றில் அக்கதவுகளே இல்லை. இரண்டு முள்ளையும் இறுக்கமாகப் பிடித்து, கதவையும் பாதுகாப்பாகத் திறந்து மூடி, ஏழை வீட்டுக்கும் கட்டுப்படியாகும் விலையில் ஓர் இடைச்செருகியை ஆக்குவது மாணவர்களுக்குத் தரத்தக்க நல்ல போட்டித் தலைப்பு. ரோபோ வண்டியைவிட அது கடினமானதும்கூட.

ஒரு பொருள் வந்து நெடுங்காலத்துக்குப் பின்னரே அதற்குத் துணையான பொருள் வருவதும் உண்டு. உணவைத் தகரத்தில் அடைக்கும் முறைக்கு இங்கிலாந்தில் 1810இல் ஆக்கவுரிமை (பேடன்ட்) வழங்கப்பட்டது. டின் திறக்கும் கருவியோ 1850களில்தான் வந்தது. இடையில் ஏறத்தாழ அரை நூற்றாண்டு உளியும் சுத்தியலும்தான். டின் மீனை வளையத்தில் விரல் கோத்து இழுத்துத் திறக்கும் இன்றைய பிள்ளைகளுக்கு இது வேடிக்கையாக இருக்கும்.

விளையாட்டிலும் இதே கதைதான். 1975 ஜூன் 11ஆம் திகதி, முதலாவது கிரிக்கெட் உலகக் கிண்ணத்தில் லண்டன் ஓவல் மைதானத்தில் அவுஸ்திரேலியாவுக்கு எதிராக இலங்கை ஆடியபோது, ஜெஃப் தொம்சனின் பந்து துலிப் மெண்டிஸின் தலையைத் தாக்கியது. சுனில் வெத்தமுனியின் காலும் அடிபட்டது. இருவரும் மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லப்பட்டனர். அப்போது பள்ளி மாணவனாக இருந்த எனக்கு, 329 ஓட்ட இலக்கை நோக்கி 276 வரை வந்த பெருமையைவிட அந்தச் செய்திதான் மனதில் நின்றது. தலைக்கவசம் என்ற பொருள் உலகில் இல்லாமல் இல்லை; மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள் அணிந்துகொண்டுதான் இருந்தார்கள். 1977இல் இங்கிலாந்துத் துடுப்பாட்டக்காரர் டெனிஸ் அமிஸ் அதையே துடுப்பாட்டத்துக்கு ஏற்பத் திருத்தி அணிந்தார். அடுத்த வருடம் அவுஸ்திரேலியாவின் கிரஹம் யாலொப் டெஸ்ட் போட்டியில் அணிந்தபோது பார்வையாளர்கள் கேலி செய்தார்கள். 2014 நவம்பரில் அவுஸ்திரேலிய வீரர் பிலிப் ஹியூஸ் கழுத்தில் பந்து பட்டு உயிரிழந்த பிறகுதான் கவசத்தின் பின்புறத்தில் கழுத்தை மறைக்கும் பாகம் பரவலாகச் சேர்க்கப்பட்டது. ஒவ்வொரு திருத்தத்துக்கும் முன்னால் ஓர் அடி விழுந்திருக்கிறது.

இனி, அந்த நடுவரின் கேள்விக்குச் சட்டம் என்ன விடை சொல்கிறது என்று பார்ப்போம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின்படி, தொழில்நுட்பத் துறையிலுள்ள குறிப்பிட்ட ஒரு பிரச்சினைக்கு நடைமுறையில் தீர்வுகாண இடமளிக்கும் எண்ணமே கண்டுபிடிப்பு. பொருள் முழுவதும் புதிதாக இருக்க வேண்டும் என்றோ அதில் மின்கலம் இருக்க வேண்டும் என்றோ அதில் சொல்லப்படவில்லை. ஆயினும் 20 வருட ஆக்கவுரிமையைப் பெறுவதற்கு அது புதியதாகவும், கைத்தொழிலில் பயன்படத்தக்கதாகவும், அத்துறை அறிந்த ஒருவருக்கு எளிதில் தோன்றாததாகவும் இருக்க வேண்டும். கீல் வைத்த தகடு போன்ற சிறு திருத்தங்கள் பெரும்பாலும் மூன்றாவது படியில் தடுக்கி விழும். மறுபுறம், ஐந்தைந்து வருடங்களாக மொத்தம் 15 வருடம் வரை நீடிக்கும் கைத்தொழில் வடிவப் பதிவு தோற்றத்தை மட்டுமே காக்கும்; பொருள் செய்யும் வேலையைக் காக்காது. ஆக, சமையலறையிலும் பட்டறையிலும் பிறக்கும் திருத்தங்கள் இரண்டுக்கும் நடுவிலுள்ள இடைவெளியில் விழுந்துவிடுகின்றன.

ஜேர்மனியில் இந்த இடைவெளி 1891லேயே உணரப்பட்டது. வேலைக் கருவிகளிலும் பாவனைப் பொருட்களிலும் செய்யப்படும் சிறு மேம்பாடுகளுக்கென்றே அங்கு தனியான ஒரு சட்டம் இயற்றப்பட்டது; பின்னர் ஜப்பானும் அதைப் பின்பற்றியது. இன்று ஜேர்மனியில் அத்தகைய பதிவு 10 வருடம் வரை செல்லும். ஆக்கவுரிமைக்குரிய நீண்ட பரிசீலனை இல்லாமல் விரைவாகவும் குறைந்த செலவிலும் கிடைக்கும். பரிசீலனையின்றிக் கொடுக்கும் உரிமை வீண் வழக்குகளுக்கு இடமளிக்கும் என்பாரும் உளர். அது நியாயமான அச்சமே. ஆனால் சர்ச்சை எழும்போது அப்பதிவு செல்லுமா என்று ஆராய்ந்து நீக்குவதற்கும் அங்கே வழி வைத்திருக்கிறார்கள். 1979ஆம் ஆண்டின் சட்டத்தால் புத்தாக்குநர் ஆணைக்குழுவை உருவாக்கி, 'சஹசக் நிமவும்' என்ற கண்டுபிடிப்புக் கண்காட்சியையும் நடத்திவரும் நாடு, சிறு கண்டுபிடிப்புகளுக்கான இந்த ஏற்பாட்டையும் செய்துகொள்வது கடினமாக இராது என்று எண்ணுகிறேன்.

சட்டம் வரும்வரை பாடசாலைகள் செய்யக்கூடியது ஒன்று இருக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முன்னரே ஒரு பொருளைக் காட்சிப்படுத்தினால், அதன் புதுமை அங்கேயே கரைந்துவிடக்கூடும். கண்டுபிடிப்பாளர் தாமே வெளியிட்டிருந்தால் எமது சட்டம் ஒரு வருட அவகாசம் தருகிறது. ஐரோப்பிய நாடுகள் பெரும்பாலானவற்றில் அத்தகைய பொது அவகாசம் இல்லை. இதைக் கண்காட்சி அழைப்பிதழின் பின்பக்கத்தில் தமிழில் நான்கு வரிகளில் அச்சிட்டாலே போதுமானது. நடுவர்களுக்குக் கொடுக்கும் புள்ளித்தாளில், 'எந்தப் பொருளின் எந்தக் குறை நீங்கியது, அக்குறையால் பாதிக்கப்பட்டவர் இதைப் பாவித்துப் பார்த்தாரா' என்ற கேள்விக்கும் புள்ளிகள் ஒதுக்கலாம். தங்கள் பத்திரிகையும் வாரத்துக்கு அரைப் பத்தி ஒதுக்கி, தையற்காரர்களும் சமையற்காரர்களும் திருத்துநர்களும் தம் கையால் செய்துகொண்ட மாற்றங்களைப் படத்துடன் வெளியிட முன்வந்தால், முதல் வாரத்துக்கு என் ரப்பர் வளையத்தின் வரைபடத்தை அனுப்பிவைக்கிறேன்.

கண்காட்சி முடிந்து புறப்படும்போது அந்தத் துருவியை மறுபடி பார்க்கலாம் என்று மூலைக்குப் போனேன். மேசை வெறுமையாக இருந்தது. இரவுச் சாப்பாட்டுக்கு இடியப்பமும் சம்பலும் செய்வதற்கு அம்மம்மா அதைக் கேட்டு ஆளனுப்பியதாக மாணவன் சொன்னான்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற மின்சாதனத் திருத்துநர் ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 6.