கால் வைக்க ஒரு பலகை

தேவகோட்டை,
ஆவணி 10.

அன்புள்ள சொக்கலிங்கம்,

மிச்சிகனிலிருந்து நீ எழுதிய கடிதமும், மரத்தில் கட்டி ஏறி நிற்கும் உன் பலகையின் வரைபடமும் போன வாரம் வந்து சேர்ந்தன. பேத்தி நடக்கத் தொடங்கிவிட்டாள் என்று படித்துக் காட்டியபோது ஆச்சிக்கு மகிழ்ச்சி தாளவில்லை. மான் வேட்டைக்காக நீ மரமேறுகிறாய் என்ற வரி வந்ததும், "இந்த வயதில் அண்ணனுக்கு இது தேவையா?" என்று கேட்டாள். நான் தோட்டத்து வேம்பில் ஏறுவதை அவள் அறிவாள் என்பதால், கேள்வி எனக்கும் சேர்த்துத்தான்.

உன் சென்ற ஆண்டுக் கடிதத்தைப் படித்துத்தான் நானும் அப்படி ஒரு பலகை செய்தேன். 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இருக்கும் நாட்டில் எனக்கு வில்லுக்கு வேலையில்லை. கண்மாய்க்கு வரும் நத்தைகுத்தி நாரைகளைப் பார்ப்பதோடு சரி.

காவலுக்குக் கட்டும் நம் பரணில் ஆள் படுத்தே உறங்கலாம். அங்கே ஆளைத் தாங்குவது பரண். இடுப்பிலும் தொடையிலும் மாட்டிக்கொள்ளும் உன் சேடிலிலோ, தலைக்கு மேலே மரத்தைச் சுற்றிக் கட்டிய கயிறுதான் ஆளைத் தாங்குகிறது. பலகை கால் ஊன்றுவதற்கு மட்டும். அதனால்தான் ஓரடி அகலமே போதுமானதாக இருக்கிறது. இதையே காரணமாக வைத்து நீ பலகையின் எடையைக் குறைக்க முனைந்திருக்கிறாய். பலகையைக் குறைத்ததில் எனக்கு வருத்தமில்லை. அதன் கீழே மரத்தோடு ஒட்டி நிற்கும் நடுத்தண்டை 10 அங்குலத்திலிருந்து 5 அங்குலமாக வெட்டியிருக்கிறாயே, அதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

கணக்கைப் பார். கயிற்றைச் சரிசெய்வதற்காக நீ நிமிர்ந்து நிற்கும்போது உன் முழு எடையும் பலகையின் மேல்தான் இருக்கும். 80 கிலோ எடை மரத்திலிருந்து 20 சென்டிமீட்டர் தள்ளி இறங்கினால், தண்டின் மேல் முனை வெளியே சாயப் பார்க்கும். அதை மரத்தைச் சுற்றிக் கட்டிய நாடாப் பட்டை இழுத்துப் பிடிக்கும். கீழ் முனைப் பற்கள் மரத்தில் அழுந்தும். தண்டு 10 அங்குலம், அதாவது 25 சென்டிமீட்டர் இருந்தால் பட்டையின் மேல் வரும் இழுப்பு 64 கிலோ. தண்டைப் பாதியாக்கினால் அதே இழுப்பு 128 கிலோ ஆகிவிடும். நீ சற்றே குதித்தால் அதற்கும் மேல். மிச்சமாவதோ கால் கிலோகூட இல்லை.

அலுமினியத்தைப் பற்றவைக்கப் போவதாகவும் எழுதியிருந்தாய். 6061 வகை அலுமினியம் பற்றவைத்த இடத்தைச் சுற்றி வலுவிழந்துவிடும். ஆகவே போல்ட் போட்டு, தளராத நைலான் நட்டால் இறுக்குவதே நல்லது. நான் இரும்புச் சதுரக் குழாயையே வைத்துக்கொண்டேன். மொத்தம் நாலரைக் கிலோ. தோட்டம் வரை தூக்கிப் போக அது ஒரு சுமையன்று.

என் முதல் பலகை உடைந்த கதையையும் சொல்லிவிடுகிறேன். பழம்பொருள் கடையில் வாங்கிய பர்மாத் தேக்குப் பலகையின் அழகில் மயங்கி, அதிலிருந்த பழைய ஆணித் துளைகளை நான் கவனிக்கவில்லை. முன்விளிம்பைச் சற்று மேல்நோக்கி வைத்துப் பட்டையை இறுக்கி, பற்கள் பிடிக்கும்படி மிதித்துச் சமப்படுத்தினேன் அல்லவா, அந்த மிதியிலேயே துளை வழியாகப் பலகை பிளந்தது. தரையிலிருந்து இரண்டடி உயரத்தில் சோதித்ததால் முழங்காலில் சிராய்ப்போடு போயிற்று. நீயும் அந்த உயரத்தில் நின்று, நடுவில் மட்டுமல்லாமல் இரு ஓரங்களிலும் மிதித்துப் பார். பலகை மரத்தைச் சுற்றித் திரும்புவது ஓரத்தில் கால் வைக்கும்போதுதான்.

மரத்தையும் பார்த்துத் தேர்ந்தெடு. முருங்கை பருத்தால் தூணாகுமா என்று இங்கே கேட்பார்கள். உங்கள் பக்கத்தில் அந்த இடம் ஆஷ் மரத்துக்கு. 2002-இல் டெட்ராய்ட் அருகே கண்டறியப்பட்ட பச்சை வண்டு துளைத்துப் பட்டுப்போன ஆஷ் மரங்கள் நிற்பதுபோல் நின்றுகொண்டே முறியும். இலை இருக்கும் இப்போதே உயிருள்ள மரத்துக்கு அடையாளம் வைத்துவிடு.

ஏறும்போது இடுப்புக் கயிற்றை அவிழ்க்காதே. நம் பனையேறிகள் காலில் மாட்டிய தளைநாரைக் கழற்றாமல் ஏறுவதைப் பார்த்து வளர்ந்த உனக்கு இதை விரித்துச் சொல்ல வேண்டியதில்லை. வில் வேட்டைப் பருவம் தொடங்கும் அக்டோபர் 1-க்கு இன்னும் ஐந்து வாரம் இருக்கிறது. தண்டை 10 அங்குலமாக மாற்றிய வரைபடத்தை அதற்குள் எனக்கு அனுப்பு.

என்றும் அன்புடன்,
முத்தையா